அடிக்கோட்டை ஏன் அழித்தார்கள்?

மின்கட்டணம் கட்டப் போனாலும் சரி, பஸ் டிக்கெட் போடப் போனாலும் சரி, திரையில் எதைத் தொட்டால் அடுத்த பக்கம் திறக்கும் என்பது இன்று பாதி ஊகம்தான். தடித்த எழுத்தைத் தட்டிப் பார்க்கிறோம், அசையவில்லை. ஓரமாக வெளிறிக் கிடக்கும் ‘மேலும்’தான் லிங்க்காம்!

ஆரம்பத்தில் இந்தத் தொல்லை இல்லை. வலையை (வெப்) உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1990-ல் தன் நெக்ஸ்ட் கணினியில் உருவாக்கிய முதல் பிரவுசரில் லிங்க் என்றால் அடிக்கோடு. சாதாரண ஆவணங்களில் அடிக்கோட்டுக்கு அதிகம் வேலை இல்லை என்பதால் அதை எடுத்துக்கொண்டார். 1993-ல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான மொசைக் பிரவுசர் அதோடு நீல நிறத்தையும் சேர்த்தது. ஏற்கெனவே பார்த்த லிங்க் ஊதாவாக மாறியது. யாரும் பாடம் நடத்தாமலே உலகம் இதைக் கற்றுக்கொண்டது.

பிறகு ‘அழகு’ வந்தது. எந்த நீலம் எடுபடும் என்று 41 சாயல்களைச் சோதித்துப் பார்த்த கூகுளே, 2014-ல் தேடல் முடிவுகளிலிருந்து அடிக்கோட்டை எடுத்துவிட்டது. மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கணினியிலாவது மவுஸை மேலே கொண்டுபோனால் அம்புக்குறி கையாக மாறிக் காட்டிக்கொடுக்கும். செல்போனில் விரலுக்கு அந்த வசதியும் இல்லை. நிறத்தை மட்டும் நம்பினால் நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு லிங்க்கும் மற்ற எழுத்தும் ஒன்றுபோலவே தெரியலாம். அதனால்தான் ஒரு தகவலை நிறத்தால் மட்டும் உணர்த்தக் கூடாது என்கின்றன வலைத்தளங்களுக்கான உலகளாவிய அணுகல் விதிகள்.

தமிழில் அடிக்கோட்டுக்கு ஒரு நிஜமான சங்கடம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘புதுச்சேரி’ என்று எழுதிக் கோடு போட்டுப் பாருங்கள். பு, து, ரி மூன்றும் கோட்டை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். பல எழுத்துருக்களில் ரகரத்தைத் துணைக்காலிலிருந்து பிரித்துக் காட்டுவதே அந்தக் கீழ்வால்தான். அதன் மேல் கோடு விழுந்தால் கண் தடுமாறும். இப்போதைய பிரவுசர்கள் அந்த இடங்களில் கோட்டைத் தாமே விட்டுவிடுகின்றன. எழுத்து தப்பிக்கிறது, கோடுதான் துண்டு துண்டாகிறது.

அதற்காக, கோடே வேண்டாம் என்பது சோம்பேறித்தனம். தமிழ்த் தளங்களை வடிவமைக்கும் நண்பர்களே, கோட்டை அழிக்காதீர்கள். மெலிதாக்கி, எழுத்துக்குச் சற்றுக் கீழே இறக்குங்கள். இறக்குவதற்கு ‘டெக்ஸ்ட்-அண்டர்லைன்-ஆஃப்செட்’ என்று சிஎஸ்எஸ்-ஸில் ஒரு வரி எழுதினால் போதும்.