புகையானுக்கு வழி திறக்கும் முதல் தெளிப்பு

நட்ட சில வாரங்களில் நெற்பயிரின் இலை சுருண்டு வெளுத்திருப்பதைக் கண்டால் விவசாயிக்கு மனம் பொறுப்பதில்லை. உடனே தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொள்கிறார். பல வயல்களில் அந்த முதல் தெளிப்பே பின்னால் வரும் புகையானுக்கு வழி திறந்து விடுகிறது. இதை நெடுங்காலம் ஆராய்ந்தவர் மலேசியாவைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் டாக்டர் கோங் லுவென் ஹியோங். பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர்.

வயலில் உள்ள பூச்சிகளெல்லாம் பகையல்ல. ஓநாய் சிலந்தி தூரின் அடியில் திரிந்து புகையானைப் பிடித்துத் தின்கிறது. பச்சை நாவாய்ப்பூச்சி ஒன்று அதன் முட்டையை உறிஞ்சுகிறது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு குளவிகள் புகையான் முட்டைக்குள்ளேயே தம் முட்டையை இட்டு அதை அழிக்கின்றன. மருந்து அடித்தால் இந்தக் காவலர்கள் மடிகின்றன. புகையான் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கிறது. ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சுகள் வெளிவரும்போது அவற்றைத் தின்ன ஆளில்லை. சிலந்தி மறுபடி பெருகுவதற்குள் பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்து போகிறது.

அப்படியானால் சுருண்ட இலைக்கு என்ன செய்வது? இளம்பயிர் புது இலையும் தூரும் விட்டு அந்த இழப்பை ஈடு செய்து கொள்ளும். இதை எழுதி வைத்தால் யார் நம்புவார்? ஹியோங்கும், தகவல் தொடர்பு அறிஞர் மோனினா எஸ்கலாடாவும் விவசாயிகளையே சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். வயலில் ஒரு சிறு பகுதியில் மட்டும் முதல் நாட்களில் மருந்து அடிக்காமல் விட்டு, அறுவடையில் ஒப்பிட வேண்டும். மகசூல் குறையவில்லை. வியட்நாமின் மேகாங் டெல்டாவில், லாங் ஆன் மாகாணத்தில், 1994இல் 'விதைத்த 40 நாள் வரை மருந்து வேண்டாம்' என்று வானொலியில் நகைச்சுவை நாடகங்களாகவே பிரசாரம் நடந்தது. போகத்திற்கு 3 தடவைக்கு மேல் அடித்தவர்கள் 2 தடவைக்கும் கீழே வந்தார்கள். ஆயிரம் துண்டுப் பிரசுரத்தை விட ஒரு நல்ல நாடகம் மேல் போலும்!

குளவிகளுக்குத் தேன் வேண்டும். அதற்காக வரப்பில் பூச்செடி வளர்த்துப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஜெஃப் கர் முதலான அறிஞர்களுடன் சேர்ந்து தாய்லாந்து, சீனா, வியட்நாம் வயல்களில் ஹியோங் நடத்திய இந்த ஆய்வு 2016இல் வெளியாயிற்று. பூச்சி மருந்துத் தெளிப்பு 70 சதவீதம் குறைந்தது. மகசூல் 5 சதவீதம் கூடியது. வரப்பில் வளர்த்தவற்றில் எள்ளும் ஒன்று. அது நம்மிடம் இல்லாத செடியா என்ன? ஆனால் வரப்புப் பூவின் மேல் மருந்து அடித்தால் பாடுபட்டது வீண்.

40 நாள் கணக்கு இலை தின்னும் புழுக்களுக்கு உரியது, நேரடி விதைப்பு வயலில் கண்டது. ஆனைக்கொம்பன் ஈ, தண்டுத் துளைப்பான் உள்ள இடங்களில் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. புகையானுக்கு வேறு கணக்கு உண்டு. காலையில் வயலில் இறங்கி, குத்துகளை விலக்கி அடித்தூரைப் பாருங்கள். சிலந்தி இல்லையேல் தூருக்கு 1 புகையான் என்பதே மருந்து அடிக்கும் அளவு. குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் முதலில் தண்ணீரை வடித்துவிட்டு, மருந்து அடித்தூரில் படும்படி தெளிக்க வேண்டும். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை மட்டும் நெல்லில் தொட வேண்டாம். அவை புகையானைப் பெருக்கி விடும்.