தாத்தாவின் ஆயுள் பேரனுக்குச் சொத்தாகுமா?

"எங்கள் வம்சத்தில் எல்லாரும் தொண்ணூறைத் தாண்டியவர்கள்" என்ற தைரியத்தில் ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. அப்பா ஐம்பதிலேயே போய்விட்டார், நமக்கு மட்டும் என்ன என்று விட்டேற்றியாக இருப்பவர்களும் உண்டு. இரண்டு கணக்கும் தப்பு. டென்மார்க்கில் 1870 முதல் 1900 வரை பிறந்த 2,872 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்து 1996-இல் வெளியான ஆய்வு, ஆயுள் வித்தியாசத்தில் மரபணுவின் பங்கு ஏறத்தாழ கால்வாசி என்றது. கோடிக்கணக்கானோரின் வம்சாவளிப் பதிவுகளை அலசிய 2018-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு அதையும் 10 சதவீதத்துக்குக் கீழே இறக்கியது. மைத்துனர், நாத்தனார் போன்ற சம்பந்த வழி உறவினரின் ஆயுளும் ஒத்துப்போனதை அது கண்டது. அவர்கள் நம்மூர் போல அத்தை மகனோ மாமன் மகளோ அல்ல. ரத்த உறவே இல்லாதவர்கள். படிப்பிலும் வசதியிலும் பழக்கத்திலும் தங்களைப் போன்ற இடத்தில் பெண் எடுத்ததும் கொடுத்ததும், மரபணுவின் கணக்கில் ஏறியிருந்தது.

நூறு வயதைக் கண்டவர்களின் சகோதரர்களுக்கு அதே வயதை எட்டும் வாய்ப்பு 17 மடங்கு என்று பாஸ்டன் ஆய்வாளர்கள் கண்டார்களே என்று கேட்கலாம். உண்மைதான், வயது ஏற ஏற மரபின் பங்கு கூடுவதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தலைமுறை ஆண்களில் நூறு பேருக்கு ஒருவர்கூட அந்த வயதைத் தொடவில்லை. அவ்வளவு சிறிய வாய்ப்பை 17 ஆல் பெருக்கினாலும், பெரும்பாலான சகோதரர்கள் நூறுக்கு முன்பே போய்விடுகிறார்கள். தவிர, அவர்கள் ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். குடும்ப வரலாறு வீண் என்பதல்ல இதன் பொருள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65-க்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

காசு கேட்பது, எச்சிலை அனுப்பினால் ஆயுள் ரகசியம் சொல்வதாக வரும் விளம்பரம். அப்போஇ, ஃபாக்சோ3 என நீண்ட ஆயுளோடு தொடர்புள்ள மரபணுக்கள் சில தெரியவந்துள்ளன. ஆனால் அவற்றில் எதை வைத்தும் ஒருவரின் ஆயுளைக் கணித்துச் சொல்ல முடியாது. போகிற தகவலோ உங்களுடையது மட்டுமல்ல. 2023-இல் 23அண்ட்மீ என்ற மரபணுப் பரிசோதனை நிறுவனத்தில் சுமார் 14,000 கணக்குகளுக்குள் புகுந்தவர்கள், உறவினரைக் கண்டறியும் வசதி வழியாக 69 லட்சம் பேரின் விவரங்களை எடுத்தார்கள். 2025-இல் அந்த நிறுவனமே திவால் மனு கொடுத்தது. மரபணுவைக் காட்டி மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் பாகுபாடு செய்வதை அமெரிக்காவின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆயுள் காப்பீட்டுக்கு அது பொருந்தாது. இந்தியாவில் அப்படியொரு தனிச் சட்டமே இல்லை. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் தரவை அழிக்கக் கோரவும் 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதன் பிரிவுகள் படிப்படியாகவே அமலுக்கு வருகின்றன. எனவே மாதிரியை அனுப்பும் முன்பே, அதை எப்போது அழிப்பீர்கள், யாருக்குக் கொடுப்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஆயுளைக் கணிப்பதாகச் சொல்லி ஏமாற்றினால் ரசீதையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்திக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.