செல்போனைத் தட்டிப் பார்த்து வாங்கலாமா?

மண்சட்டி வாங்கினால்கூட விரலால் தட்டி, ஓசை கேட்டுத்தான் வாங்குவோம். பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் செல்போனை மட்டும், எத்தனை கேமரா என்று எண்ணிப் பார்த்து வாங்கி வந்துவிடுகிறோம். நானும் அப்படி வாங்கியவன்தான்.

போன கோடையில் என் மனைவி, "கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குதே, என்னன்னு பாருங்க" என்று தன் போனை நீட்டினாள். மூன்று வருடப் பழசு. பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துப் போனேன். பசை விட்டுப் போயிருக்கிறது, அழுத்தி ஒட்டிவிடலாம் என்றான் அங்கிருந்த பையன். எனக்குச் சந்தேகம். பின்மூடியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே பேட்டரி பூரி போல் உப்பியிருந்தது! கண்ணாடியைத் தள்ளியது அதுதான். அதை அழுத்தி ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரவில் தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுவது அவள் வழக்கம்.

அடுத்த போனை வாங்குமுன், ரயில் பாதையை ஆய்வு செய்வதுபோல ஆராயத் தொடங்கினேன். தண்டவாளத்தோடு காலம் கழித்தவனுக்கு வேறு பார்வை ஏது?

முதலில் மேல் கண்ணாடி. இதை உருகிய பொட்டாசியம் உப்பில் ஊற வைக்கிறார்கள். கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள சோடியம் அயனிகள் வெளியேற, அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகள் அதே இடத்தில் நுழைகின்றன. ரயிலில் ஒல்லியான ஆள் இறங்கி, அந்த இடத்தில் பருத்த ஆள் உட்கார்ந்தால் பெஞ்சு முழுவதும் நெருக்கடி அல்லவா? அந்த நெருக்கடிதான் விரிசல் வாய் திறக்காமல் பிடித்துக்கொள்கிறது. நம் கான்கிரீட் ஸ்லீப்பரிலும் இதே தத்துவம்தான். எஃகுக் கம்பிகளை இழுத்துப் பிடித்துக் கான்கிரீட் வார்த்து, இறுகிய பின் விட்டுவிடுவோம். கம்பி சுருங்கப் பார்க்கும், கான்கிரீட் நெருக்குண்டு கிடக்கும். ஆனால் செல்போன் கண்ணாடியில் இந்த நெருக்கம் ஒரு தலைமுடிப் பருமன் ஆழத்துக்குத்தான். சட்டைப் பையிலுள்ள மணல் துகள் கண்ணாடியைவிடக் கடினமானது. அது அந்த ஆழத்தைத் தாண்டிக் கீறிவிட்டால், பிறகு சின்ன அடிக்கே கண்ணாடி போய்விடும். மேலே ஒட்டும் காப்புத்தாள் வீண் செலவல்ல.

தொடுதிரைக்கு அழுத்தம் தெரியாது. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் வலைபோல் ஓடுகின்றன. விரல் அருகே வந்ததும் அங்குள்ள மின்தேக்கம் மாறுவதைத்தான் அது உணர்கிறது. ஜனவரிக் குளிரில் கம்பளிக் கையுறையோடு தொட்டால் பேசாமலிருப்பதும், ஈரக் கையால் தொட்டால் தடுமாறுவதும் இதனால்தான். நம் வயதுக்காரர்கள் காலிங் பெல் போல அமுக்குவதில் பயனில்லை.

அடுத்தது உடல். மெலிந்த போன்தான் அழகு என்று ஒரு மோகம். ஒரு தகட்டின் தடிமனை 8 மி.மீ.யிலிருந்து 7 ஆக்கினால் குறைவது எட்டில் ஒரு பங்குதான். வளையாமல் நிற்கும் திறனோ தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அதனால் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 2014-இல் வந்த ஐபோன் 6 பிளஸ், 7.1 மி.மீ. தடிமன். கால்சட்டைப் பையிலேயே வளைந்தது என்று புகார்கள் எழுந்தன. வளைந்த இடம் பெரும்பாலும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்களின் துளையருகே. தண்டவாள முனையிலும் போல்ட் துளையிலிருந்துதானே விரிசல் கிளம்பும்! அடுத்த ஆண்டு வந்த மாடலில் இன்னும் வலுவான அலுமினியக் கலவையைப் போட்டார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம் பேட்டரி. 2016 ஆகஸ்டில் சாம்சங் கேலக்ஸி நோட் 7 வந்தது. சில போன்கள் தீப்பிடித்தன. திரும்பப் பெற்று வேறு தயாரிப்பாளரின் பேட்டரி வைத்துக் கொடுத்தார்கள். அதுவும் எரிந்தது. அக்டோபரில் தயாரிப்பையே நிறுத்தினார்கள். 2017 ஜனவரியில் அந்த நிறுவனமே காரணத்தை வெளியிட்டது. முதல் பேட்டரியின் மேல் மூலையில் உள்தகடு வளைந்திருந்தது. இரண்டாவதில் பற்றவைத்த இடத்தில் பிசிறுகள். கண்ணுக்குத் தெரியாத குறைகள், கடைக்காரரையும் குற்றம் சொல்ல முடியாது.

நம்மால் முடிந்தது ஒன்றுதான். பேட்டரியை மாற்ற என்ன செலவு, நம் ஊரில் யார் மாற்றுவார்கள் என்று வாங்கும்போதே கேட்பது. நான் கேட்டதும் கடைக்காரர் சிரித்தார். அதற்குள் நீங்களே புதிது வாங்கிவிடுவீர்கள் என்றார். விடவில்லை. சேவை மையத்துக்கே போய் விலை விசாரித்தேன். பிறகு போனை இரு முனையிலும் பிடித்து லேசாக முறுக்கினேன், முனகல் இல்லை. விளிம்பில் நகத்தை ஓட்டினேன், எங்கும் தடுக்கவில்லை. ஐ.பி. 68 என்று பெட்டியில் போட்டிருந்ததை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது புதுப் போனை நல்ல தண்ணீரில் முக்கிச் செய்த சோதனை. ஒருமுறை பிரித்து மூடிய பின் அதை நம்பக் கூடாது.

வாங்கி வந்த போன் கொஞ்சம் கனம். "செங்கல் மாதிரி இருக்கு" என்கிறாள் மனைவி. சார்ஜ் ஏறுவது இப்போது கூடத்து மேசையில். உப்பிய பழைய போனைச் சார்ஜ் போடாமல், குத்தாமல், கபாடிவாலாவிடமும் போடாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரசீதும் கேட்டு வாங்கினேன். ரயில்வே பழக்கம்.