குளம் வற்றினால் யானைகளுக்குக் கொண்டாட்டம்!

கோவில் யானையைப் பார்த்திருப்பீர்கள். ஊர்வலத்தில் வரும் யானையையும் பார்த்திருப்பீர்கள். ஒரே ஒரு யானை வந்தாலே தெரு கூடிவிடும். நூறு யானைகள், இருநூறு யானைகள் ஒரே வெளியில் நின்றால் எப்படி இருக்கும்?

சங்கிலி இல்லை. பாகன் இல்லை. அங்குசம் இல்லை. எல்லாம் காட்டு யானைகள்!

இலங்கையில் மின்னேரியா என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே வருஷா வருஷம் இந்த அதிசயம் நடக்கிறது. ஆடி, ஆவணி, புரட்டாசி மாதங்களில் யானைகள் அங்கே கூட்டம் கூட்டமாக வருகின்றன. நல்ல வருஷத்தில் முந்நூறு யானைகள் வரை கூடியதும் உண்டு. அதைப் பார்க்கப் பல நாட்டு ஜனங்களும் வருகிறார்கள்.

ஜீப் புறப்படுகிறது

கொழும்பிலிருந்து சுமார் 180 கிலோ மீட்டர் தூரத்தில் ஹபரணை என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே யானை பார்க்கப் போகும் ஜீப்கள் வரிசையாக நிற்கும். மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு இரண்டு, மூன்று மணிக்குப் புறப்பட்டால் இருட்டும் நேரத்தில் திரும்பிவிடலாம். அரை நாள் பிரயாணம்.

ஜீப்பின் பின்புறம் திறந்தே இருக்கும். ஆறு பேர் உட்காரலாம். பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. எழுந்து நின்றும் பார்க்கலாம்.

பொலன்னறுவைக்குப் போகும் சாலையில் கொஞ்ச தூரம் ஓடியதும் வனவிலங்கு இலாகாவின் வாசல் வருகிறது. அங்கே சீட்டு வாங்க வேண்டும். சட்டம் சுருக்கமானது. வண்டியை விட்டு இறங்கக் கூடாது. கூச்சல் போடக் கூடாது. யானைக்கு எதையும் தின்னக் கொடுக்கக் கூடாது.

பிறகு மண் பாதை. குழந்தைகள் சிரிக்கிறார்கள், பெரியவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்படிக் குலுக்கல்! இரண்டு பக்கமும் பாலை மரம், வீரை மரம், முதிரை மரம். மரத்தில் குரங்கு. புதரில் மயில். யானையை மட்டும் காணோம். நான்கு டன் உடம்பு இருந்தாலும் பாதத்தில் மெத்தை போன்ற சதை இருப்பதால், யானை நடக்கும் சத்தம் கேட்பதில்லை. பத்தடி தூரத்தில் புதருக்குள் நின்றாலும் தெரியாது.

திடீரென்று காடு முடிகிறது. எதிரே பச்சைப் பசேல் என்று ஒரு வெட்டவெளி. அதற்கு அப்பால் தண்ணீர். நடுவே கறுப்புக் கறுப்பாகப் பாறைகள்.

பாறைகள் அசைகின்றன!

ஜீப்பில் பாட்டி யாராவது இருந்தால் கேட்கவே வேண்டாம். "பிள்ளையாரப்பா!" என்று கை தானாகக் குவிந்துவிடும்.

அம்மா செய்யும் பக்குவம்

டிரைவர் எஞ்சினை நிறுத்திவிடுகிறார். இனி வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

புல் குட்டையாக இருக்கிறது. அதைத் தும்பிக்கையால் பிடித்து இழுக்க முடியாது. யானை என்ன செய்கிறது? முன்காலால் புல்லை எத்துகிறது. புல் வேரோடு பெயர்கிறது. அதைத் தும்பிக்கையால் சுருட்டி எடுத்து, காலில் 'பட், பட்' என்று அடிக்கிறது. மண் எல்லாம் உதிர்கிறது. அதற்குப் பிறகுதான் வாய்க்குப் போகிறது. கீரையை உதறி ஆய்கிற அம்மாக்களுக்கு இந்தப் பக்குவம் நன்றாகப் புரியும்.

பெரிய யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ வரை தீனி வேண்டும். ஒவ்வொரு பிடியாக எத்தி, அடித்து, தின்று அந்த வயிற்றை நிரப்ப வேண்டும். அதனால்தான் யானை ஓயாமல் தின்றுகொண்டே இருக்கிறது.

"அப்பா, அந்தக் குட்டிக்குத் தும்பிக்கை வேலை செய்யவில்லையா?" என்று குழந்தைகள் கேட்பார்கள். கேள்வி சரிதான். பிறந்த சில மாதங்களுக்குக் குட்டி யானைக்குத் தன் தும்பிக்கையை என்ன செய்வது என்றே தெரியாது. ஆட்டிப் பார்க்கும். சில சமயம் தானே அதை மிதித்துக்கொள்ளும். பால் குடிப்பது வாயால்தான். அப்போது தும்பிக்கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொள்ளும்.

அந்தக் குட்டி தாய் வயிற்றில் இருந்த காலம் சுமார் 22 மாதம். பிறக்கும்போதே எடை 100 கிலோ அளவு இருக்கும். நடக்கும்போது பெரிய யானைகள் குட்டியை நடுவில் விட்டுக்கொள்கின்றன. தாய் மட்டும் அல்ல. பெரியம்மா, சித்தி, அக்கா என்று எல்லோரும் காவல்.

கூட்டத்தில் மூத்த பெண் யானைகள் சொன்னதுதான் சட்டம். எந்த மாதம் எங்கே தண்ணீர் இருக்கும், எந்த வழியில் போக வேண்டும் என்று அவைகளுக்குத் தெரியும். ஆண் குட்டி வளர்ந்து வாலிபம் வந்ததும் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். பிறகு தனியாகத் திரியும். இந்த வெளியில் கூட்டம் கூடும்போது, ஆண் யானைகளும் ஒவ்வொன்றாக வந்து சேருகின்றன. பெண் தேடித்தான்!

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு விஷயம் வினோதமாகத் தோன்றும். "இத்தனை ஆண் யானைகள் இருக்கின்றன, தந்தம் எங்கே?" என்பார்கள். இலங்கையில் ஆண் யானைகளில் நூற்றுக்குப் பத்துக்குக்கூடத் தந்தம் கிடையாது. நம் பக்கத்தில் மக்னா என்று சொல்கிறோமே, அந்த மாதிரி. சிங்களத்தில் தந்தம் இல்லாத யானையை 'அலியா' என்பார்கள். தந்தம் உள்ளதற்கு வேறு பெயர்.

ராஜா வெட்டிய குளம்

யானைகள் ஏன் இங்கே வருகின்றன?

அந்தப் புல்வெளி உண்மையில் புல்வெளியே அல்ல. அது ஒரு குளத்தின் தரை!

மகாசேனன் என்ற ராஜா அந்தக் குளத்தை வெட்டினான். சுமார் 1,700 வருஷங்களுக்கு முன்பு நடந்தது அது. வெட்டியது யானைக்காக அல்ல, நெல்லுக்காக. அம்பன் கங்கை என்ற ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டித் தண்ணீரைக் கொண்டுவந்தான். ஜனங்கள் அந்த ராஜாவை 'மின்னேரி தெய்வம்' என்று கும்பிட்டார்கள்.

பிறகு பொலன்னறுவை ராஜ்யம் அழிந்தது. ஜனங்கள் ஊரை விட்டுப் போனார்கள். கரை உடைந்தது. வயலில் காடு வளர்ந்தது. காய்ச்சல் பரவியது. பல நூறு வருஷங்கள் அந்தப் பிரதேசம் மிருகங்களுக்கே சொந்தமாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குளத்தைச் செப்பனிட்டார்கள். 1930-களில் விவசாயிகளைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். வயல் மறுபடியும் வயல் ஆயிற்று. யானை? அது எங்கே போகும்? அங்கேயேதான் இருந்தது.

1938-ல் குளத்தையும் காட்டையும் சரணாலயம் ஆக்கினார்கள். 1997-ல் அது தேசிய வனப் பூங்கா ஆயிற்று. பரப்பு சுமார் 22 ஆயிரம் ஏக்கர்.

இனி, புல்லின் கதையைக் கேளுங்கள். மார்கழி, தை மழையில் குளம் நிரம்பி நிற்கும். சித்திரைக்குப் பிறகு விவசாயிகள் மதகைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் எடுப்பார்கள். அந்தச் சாகுபடிக்குச் சிறுபோகம் என்று பெயர். வயலுக்குத் தண்ணீர் போகப் போக, குளம் சுருங்கும். தண்ணீர் விலகிய ஈரத் தரையில் இளம் புல் முளைக்கும். அந்தச் சமயத்தில் சுற்றிலும் உள்ள காடு காய்ந்து கருகிக் கிடக்கும். பக்கத்துக் கவுடுல்ல காட்டிலிருந்தும், ஹுருலு காட்டிலிருந்தும் யானைகள் புறப்பட்டுவிடும்.

விவசாயி தண்ணீர் எடுக்கிறான். அவன் எடுத்த இடத்தில் யானைக்குச் சோறு விளைகிறது. எவ்வளவு அழகான பங்கீடு! யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது அல்ல. தானாக அமைந்தது.

பங்கீட்டில் சிக்கல்

அந்தப் பங்கீட்டில் இப்போது சிக்கல் வந்திருக்கிறது.

அம்பன் கங்கையின் மேல்பக்கத்தில் மொரகஹகந்த என்ற பெரிய அணை கட்டினார்கள். 2017-க்குப் பிறகு அந்தத் தண்ணீரும் குளங்களுக்கு வருகிறது. விவசாயிக்கு அது பெரிய தைரியம். மழை ஏமாற்றினாலும் பயிர் காயாது. ஆனால் கோடையிலும் குளத்தில் தண்ணீர் ஏறி நின்றால் புல் மூழ்கிவிடுகிறது. சில வருஷங்களில் அப்படியே நடந்தது. யானைகள் வந்தன, கரையில் நின்றன, தின்ன ஒன்றும் இல்லை. எலும்பு தெரியும் உடம்போடு அவைகள் நின்றதைப் பார்த்தவர்கள், கோடை மாதங்களில் மட்டுமாவது நீர்மட்டத்தைக் குறைத்து வைக்கும்படி கேட்டார்கள்.

இங்கே புல் கிடைக்காத யானை சும்மா இருக்குமா? பக்கத்து வயலுக்குப் போகும். வாழைத் தோட்டத்துக்குப் போகும். வீட்டுச் சுவரை இடித்து நெல் மூட்டையை இழுக்கும். வருஷம் பூராவும் பாடுபட்டதை ஓர் இரவில் யானை தின்றுவிட்டால் குடும்பம் என்ன செய்யும்?

2011-ல் எடுத்த கணக்குப்படி இலங்கையில் இருந்த காட்டு யானைகள் 5,879. 2023-ஆம் வருஷத்தில் மட்டும் நானூறுக்கு மேல் யானைகள் செத்துப்போயின. அதே வருஷத்தில் யானைகளால் உயிர் இழந்த மனிதர்கள் நூற்றைம்பதுக்கு மேல். துப்பாக்கியால் சுடுகிறார்கள். திருட்டுத்தனமாக மின்சாரக் கம்பி வைக்கிறார்கள். காய்க்குள் வெடி மருந்தை மறைத்து வைக்கிறார்கள். நம் ஊரில் அவுட்டுக்காய் என்கிறோமே, அதேதான். வைப்பது பன்றிக்கு, கடிப்பது பெரும்பாலும் குட்டி யானை. வாய் கிழிந்த குட்டி பட்டினி கிடந்து சாகிறது.

ரயிலும் ஓர் எமன். 2025 பிப்ரவரியில் ஹபரணைக்குப் பக்கத்தில் ஒரு பிரயாணிகள் ரயில் யானைக் கூட்டத்தில் மோதியது. ரயில் தடம் புரண்டது. பிரயாணிகளுக்குக் காயம் இல்லை. யானைகள் ஆறுக்குக் குறையாமல் செத்தன.

காதை விரித்தால் ஆபத்து

மணி ஐந்து ஆகிவிட்டது. ஒரு ஆண் யானை ஜீப்பைப் பார்த்துத் திரும்புகிறது. காது இரண்டும் முறம் போல விரிகின்றன. தும்பிக்கையால் மண்ணை வாரி வீசுகிறது. நாலு அடி முன்னே பாய்ந்து, நின்றுவிடுகிறது. "கிட்டே வராதே" என்று பொருள்.

நல்ல டிரைவர் அந்த இடத்தில் வண்டியைப் பின்னால் எடுத்துவிடுவார். எல்லோரும் அப்படி இல்லை. கூட்டமான நாட்களில் நூறு ஜீப்புகூட உள்ளே வருகிறது. பிரயாணிகளைத் திருப்திப்படுத்துவதற்காக முண்டியடித்துக்கொண்டு யானைகளைச் சுற்றி வளைக்கிறார்கள். தண்ணீருக்குப் போகும் வழியை ஜீப் மறித்தால் தாய் யானை குட்டியைத் தள்ளிக்கொண்டு காட்டுக்குள் திரும்பிவிடும். காசு கொடுத்துப் போகிறவர்கள், "கிட்டே போ, கிட்டே போ" என்று டிரைவரை விரட்டாமல் இருந்தால் அதுவே பெரிய உபகாரம்.

சூரியன் இறங்குகிறது. கூழைக்கடாக்கள் வரிசையாகப் பறந்துபோகின்றன. தண்ணீர் குடித்து, சேற்றை வாரிப் பூசிக்கொண்ட யானைகள் ஒவ்வொன்றாகக் காட்டுப் பக்கம் நகருகின்றன. இருட்டுவதற்குள் ஜீப்களும் வெளியே போய்விட வேண்டும்.

ஹபரணையில் பிரயாணிகள் இறங்குகிறார்கள். குழந்தை தூங்கிவிட்டது. அப்பா தோளில் தூக்கிக்கொள்கிறார். பாட்டி கணக்குச் சொல்கிறாள்: "நான் எண்ணினது எண்பத்தி மூணு!"

டிரைவருக்கு இன்னும் வேலை முடியவில்லை. ஜீப் ஓட்டுகிறவர்களில் விவசாயக் குடும்பத்தார் பலர். அறுவடைக் காலமாக இருந்தால், சாப்பிட்டுவிட்டு வயலுக்குப் போக வேண்டும். வயல் ஓரத்து மரத்தில் உயரமாகப் பரண் கட்டியிருக்கிறது. அரசாங்கம் கொடுக்கும் யானை வெடி நாலைந்தும், ஒரு டார்ச் விளக்கும் எடுத்துக்கொண்டு அவர் பரணில் ஏறுகிறார். பகல் எல்லாம் மற்றவர்களுக்குக் காட்டிய யானை, இன்று இரவு தன் வயலுக்கு வருகிறதா என்று விடிய விடிய விழித்திருக்க வேண்டும்.