எந்த நஞ்சு? கலங்களிடம் கேட்போம்

கிராந்துருகோட்டைப் பக்கத்து விவசாயிகள் சிறுநீரகச் சிகிச்சைக்காகக் கண்டிக்கு வருகிறார்கள். பலருக்கு நீரிழிவும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை. ஆனாலும் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. 1990களில் வட மத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த இந்நோயின் காரணம் இன்னும் உறுதியாகவில்லை.

அடி எங்கே விழுகிறது என்பது தெரியும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நோயியலாளர் நீலகாந்தி ரத்னதுங்க உள்ளிட்டோர் ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோயாளிகளின் சிறுநீரக இழையத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, முதன்மையான சேதம் சிறுகுழாய்களிலும் அவற்றைச் சுற்றிய இழையத்திலும் இருந்தது. பின்னர் வேறொரு சர்வதேசக் குழு, இலங்கை நோயாளிகளையும் சேர்த்து, குழாய்க் கலங்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தது. கழிவைச் செரிக்கும் இலைசோசோம்கள் உருக்குலைந்து பெருத்திருந்தன, உள்ளே கருந்திட்டுகள். நஞ்சின் அடையாளம் இது என்றது அக்குழு. அது நஞ்சின் அடையாளம்தானா என்ற விவாதம் ஓயவில்லை.

நஞ்சு என்றால் எது? புளோரைட்டு, கடின நீர், கட்மியம், ஆசெனிக், பீடைகொல்லிகள் எல்லாமே சந்தேகப் பட்டியலில் உள்ளன. வயல் வெயிலில் உடல் வற்றுவதும் காரணமாகலாம். பல சேர்ந்தும் தாக்கலாம். பத்துப் பொருள்களை இரண்டிரண்டாகக் கலந்தால் 45 கலவைகள். ஒவ்வொன்றையும் எட்டு அளவுகளில் சோதித்தால் 360 சோதனைகள். மனிதக் கண் களைத்துவிடும்.

தானியங்கி நுணுக்குக்காட்டிக்கு இது ஒரே தட்டு வேலை. ஆய்வகங்களில் புழங்கும் ஒருவகைப் பிளாஸ்டிக் தட்டில் 384 குழிகள் உண்டு. 360இல் கலவைகள், மிஞ்சும் 24இல் எதுவும் சேர்க்காத கலங்கள். மனிதச் சிறுநீரகக் குழாய்க் கலங்களை வளர்த்துச் சாயமேற்றியதும், கருவி குழி குழியாக நகர்ந்து தானே குவியம் சரிசெய்து படமெடுக்கும். அமெரிக்காவின் புரோட் நிறுவனத்தார் 2013இல் விவரித்த 'செல் பெயின்டிங்' முறையில் ஆறு சாயங்கள் உண்டு. கரு, இழைமணி, கொல்கி எல்லாம் தனித்தனியே ஒளிரும். நம் நோய்க்கு இலைசோசோம் சாயத்தையும் சேர்க்க வேண்டும். 'செல்புரொஃபைலர்' என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு கலத்தையும் எல்லை பிரித்து, பருமன், வடிவம், ஒளிர்வு என நூற்றுக்கணக்கில் அளந்துவிடும். கண்ணுக்குப் படாத சிறு மாற்றமும், ஆயிரக்கணக்கான கலங்களில் ஒரே திசையில் தெரிந்தால், தற்செயல் என்று தள்ள முடியாது.

தட்டில் சில நாள் வாழும் கலம், இருபது வருடம் கிணற்றுநீர் குடித்த சிறுநீரகத்துக்கு ஈடாகாது. ஆகவே எந்தக் கலவை இலைசோசோம்களைச் சிதைக்கிறதோ, அந்தப் படங்களை நோயாளிகளின் இழையப் படங்களோடு ஒப்பிட வேண்டும். அந்த இழையத்தை ஆண்டுக்கணக்கில் படித்தவர்கள் பேராதனையில்தான் இருக்கிறார்கள். இந்தச் சோதனையும் அங்கேயே நடக்க வேண்டும்.