குட்டி ஃபிலிம், குட்டிக் கேமரா

ஒரு கேமராவின் பருமனைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதற்குள் போகும் ஃபிலிம்தான். கல்யாண வீடுகளிலும் சுற்றுலாக்களிலும் பல ஆண்டுகள் புழங்கிய 35 மி.மீ. ரோலில் ஒரு நெகட்டிவின் அளவு 24×36 மி.மீ. இதை விட்டு விலகி, தனக்கென்று வேறொரு ஃபிலிமைக் கேட்ட கேமராக்களும், அதே ரோலை வேறு விதமாகப் பங்கிட்டுக்கொண்ட கேமராக்களும் உண்டு. பழைய கேமரா சேகரிப்பவர்களில் ஒரு சாரார் இவற்றைத்தான் தேடிப் போகிறார்கள்.

1912இல் வந்த கோடக்கின் வெஸ்ட் பாக்கெட் இந்த வரிசையில் மூத்த ஒன்று. அதன் 127 ரோலில் நெகட்டிவ் 4×6.5 செ.மீ. இருக்கும், சிறியதல்ல. ஆனால் லென்ஸ் துருத்தியோடு உள்ளே மடங்கிவிடுவதால் கேமரா சட்டைப் பையில் அடங்கியது. முதல் உலகப் போரில் சிப்பாய்கள் பலர் இதை வைத்திருந்தார்கள். 1924இல் எவரெஸ்ட் உச்சியை நோக்கிக் கிளம்பிய மல்லோரிக்கு, உடன் வந்த ஹோவர்ட் சோமர்வெல் தன்னுடைய வெஸ்ட் பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பினார். மல்லோரி திரும்பவில்லை. 1999இல் அவர் உடல் கிடைத்தது, கேமரா கிடைக்கவில்லை. அதைக் கொடுத்த சோமர்வெல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் நெடுங்காலம் மருத்துவராக இருந்தவர்.

சேகரிப்பாளர்கள் அதிகம் ஏங்குவது மினாக்ஸுக்கு. வால்ட்டர் ஸாப் வடிவமைத்த இந்தக் கேமரா 1938இல் லாட்வியாவின் ரீகா நகரில் தயாரானது. மூடினால் நீளம் 8 செ.மீ.தான். நெகட்டிவ் 8×11 மி.மீ., அதாவது 35 மி.மீ. படத்தின் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. உடலை இழுத்தால் லென்ஸ் திறக்கும். தள்ளி மூடித் திறந்தால் அடுத்த படத்துக்கு ஃபிலிம் நகர்ந்து ஷட்டரும் தயாராகிவிடும். 20 செ.மீ. தூரம் வரை ஃபோகஸ் செய்யலாம் என்பதால் காகிதங்களைப் படமெடுக்க வசதி. தூரத்தை அளக்கவே மணி கோத்த சங்கிலி ஒன்று கூட வரும். உளவாளிகள் இதை விரும்பியதற்குக் காரணம் இதுதான். திரைப்படங்கள் கட்டிய கவர்ச்சி பிறகு வந்தது. ரீகாவில் செய்தவை துருப்பிடிக்காத எஃகு உடல் கொண்டவை, கனமானவை, விலையும் அதிகம். போருக்குப் பின் ஜெர்மனியில் தயாரானவை அலுமினியம். 1958இல் வந்த மினாக்ஸ் பி, ஒளிமானியுடன், இன்றும் ஓரளவு சுலபமாகக் கிடைக்கிறது.

ஒலிம்பஸ் நிறுவனத்தின் யோஷிஹிஸா மைடானி வேறு வழியில் யோசித்தார். 1959இல் அவர் வடிவமைத்த பென் கேமரா சாதாரண 35 மி.மீ. ரோலையே எடுத்துக்கொண்டு, ஒரு படத்தின் இடத்தில் இரண்டு எடுத்தது. 36 படம் பிடிக்கும் ரோலில் 72. ஃபிலிம் விலையை எண்ணி எண்ணி ஷட்டரை அழுத்திய காலத்தில் இது சின்ன விஷயமில்லை. கேமராவை வழக்கம்போல் பிடித்தால் படம் நெட்டுக்குத்தாக வரும் என்பதற்கு மட்டும் பழகிக்கொள்ள வேண்டும். 1961இல் வந்த பென் ஈஈ, லென்ஸைச் சுற்றியுள்ள செலினியம் வளையத்தால் வெளிச்சத்தைத் தானே அளக்கும்; பேட்டரியே வேண்டாம்.

1972இல் கோடக் கொண்டுவந்த 110 ஃபிலிம் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வந்தது. போட்டு மூடினால் போதும். நெகட்டிவ் 13×17 மி.மீ. பெரும்பாலும் மலிவான கேமராக்களே இதற்கு வந்தன. விதிவிலக்கு, 1978இன் பென்டாக்ஸ் ஆட்டோ 110: லென்ஸ் மாற்றக்கூடிய எஸ்.எல்.ஆர்., உள்ளங்கைக்குள். 1982இல் வந்த டிஸ்க் ஃபிலிம், தட்டு வடிவில் 15 படங்கள். நெகட்டிவ் மிகச் சிறியது என்பதால் பெரிதாக்கிய படங்கள் பொரிபொரியாக இருந்தன. 1996இல் வந்த ஏ.பி.எஸ். நன்றாகவே இருந்தது, டிஜிட்டல் அதை விழுங்கிவிட்டது. 2011இல் அதன் ஃபிலிமும் நின்றது.

ஆகவே வாங்குமுன் கேமராவின் அழகைப் பார்ப்பதைவிட, ஃபிலிம் கிடைக்குமா என்று பார்ப்பது முக்கியம். பென் கேமராவுக்குக் கவலையில்லை. 110 ஃபிலிமை லோமோகிராஃபி நிறுவனம் 2012 முதல் மீண்டும் தயாரிக்கிறது. மினாக்ஸ் வைத்திருப்பவர்கள் பலர் 35 மி.மீ. ஃபிலிமை இருட்டில் அதற்கான வெட்டுக் கருவியால் கீறி, பழைய கேசட்டில் தாங்களே சுற்றிக்கொள்கிறார்கள். டிஸ்க், ஏ.பி.எஸ். இரண்டுக்கும் காலாவதியான பழைய சரக்குதான்.

அடுத்து கேமராவின் உடல்நிலை. செலினியம் செல் காலப்போக்கில் செத்துவிடும். பென் ஈஈயை வெயிலில் நீட்டி அழுத்தினால் ஷட்டர் இயங்க வேண்டும். லென்ஸ் பக்கத்தைக் கையால் மூடி அழுத்தினால் வியூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழ வேண்டும். எப்போதும் கொடியே எழுந்தால் செல் போய்விட்டது. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் இது சீக்கிரம் பிடிக்கும். தோல் உறைக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரம். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதுமான பாதுகாப்பு.

புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவருக்கு ஏற்றது பென் ஈஈ. பொறுமையும் பணமும் இருப்பவர் மினாக்ஸ் பிக்குப் போகலாம். டிஸ்க் கேமராவை யாராவது சும்மா கொடுத்தால் மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.