குளிரக் குளிர வேகமெடுக்கும் வினை

சூடாக்கினால் வேதிவினை வேகமெடுக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். 1990களில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆலன் கைமன், கிறிஸ்டோபர் போமன் குழுவினர் பார்த்தது இதற்கு நேர்மாறு. திரவப் படிகத்தில் சிறிதளவு அக்ரிலேட் மோனோமரைக் கரைத்து, புற ஊதா ஒளி பாய்ச்சி பாலிமராக்கினார்கள். வெப்பநிலையைக் குறைக்கக் குறைக்க வினை விரைவாக நடந்தது.

திரவப் படிகம் தண்ணீர்போல ஓடும். ஆனால் அதன் மூலக்கூறுகள் வரிசை தவறுவதில்லை. நெமாட்டிக் நிலையில் அவை சுள்ளிக்கட்டுபோல ஒரே திசை பார்த்துக் கிடக்கும். இன்னும் குளிர்ந்து ஸ்மெக்டிக் நிலைக்கு வந்தால் அடுக்கடுக்காகவும் அமையும். சூடேற்றினால் எல்லாம் கலைந்து வெறும் திரவமாகிவிடும்.

இந்த வரிசை வினையை எப்படி விரைவாக்குகிறது? ஒளி பட்டதும், கலவையில் உள்ள தூண்டிப்பொருள் உடைந்து ரேடிக்கல் என்னும் வினைத்துடிப்புள்ள துண்டு பிறக்கிறது. அது மோனோமர்களை ஒவ்வொன்றாகக் கோத்துச் சங்கிலியை வளர்க்கிறது. இரண்டு ரேடிக்கல்கள் சந்தித்தால் இரண்டின் கதையும் முடிந்தது. அடுக்குக்குள் சிக்கிய சங்கிலி முனைகள் எளிதில் நகர்ந்து சந்திக்க முடியாது. சின்ன மோனோமர்கள் மட்டும் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். கணக்கும் இதையே சொல்கிறது: சங்கிலியை முடித்துவைக்கும் வினையின் வேக மாறிலி நூறில் ஒரு பங்காகக் குறைந்தால், மற்றவை மாறாதவரை, பாலிமராகும் வேகம் 10 மடங்காகும். ஒழுங்கு வினையைத் தூண்டுகிறது என்பதைவிட, அதன் முடிவைத் தள்ளிப்போடுகிறது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆனால் அது மட்டுமே காரணம் அல்ல. அதே குழு 1997-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, மோனோமர் எங்கே உட்காருகிறது என்பதையும் பார்த்தது. குச்சி வடிவ மோனோமர் அடுக்குக்குள்ளேயே மற்ற மூலக்கூறுகளோடு அணிவகுக்கிறது. வளைந்துகொடுக்கும் ஹெக்சேன்டையால் டைஅக்ரிலேட்டோ அடுக்குகளுக்கு இடையே ஒதுங்குகிறது. மொத்தத்தில் அதன் அளவு கொஞ்சம்தான். ஆனால் ஒதுங்கிய இடுக்கில் அடர்த்தி அதிகம். நெருக்கம் கூடினால் வேகம் கூடாமல் என்ன செய்யும்?

இந்த ஒழுங்கின் பயன் வேகத்தோடு நிற்பதில்லை. நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் டிர்க் புரூயர் 1980களின் இறுதியிலேயே திரவப் படிக அக்ரிலேட்டுகளை வரிசைப்படுத்தி, ஒளியால் அப்படியே உறையவைத்துப் படலமாக்கினார். இத்தகைய படலங்கள் இன்று திரைகளில் ஒளியின் போக்கை மாற்றப் பயன்படுகின்றன. இங்கே வெப்பநிலையைத் தவறவிட்டால் வேகம் மட்டும் போவதில்லை. ஒழுங்கு கலைந்த நிலையில் ஒளி பாய்ச்சி இறுக்கமான வலையாக்கிவிட்டால், பிறகு எவ்வளவு குளிர்வித்தாலும் அந்தப் படலத்துக்கு வரிசை திரும்பாது.